சிவகுரு ஓட்டிய வண்டிகள்

சிவகுரு இறந்து பத்தாம் நாள் பெங்களூரிலிருந்து லியோ என்பவர் போன் செய்தார். விமானப்படையில் அவரோடு ஒரே ஸ்குவாட்ரனில் பறந்தவர். ஓய்வுபெற்ற அதிகாரிகள் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் பத்திரிகையில் அரைப்பக்கம் ஒதுக்கியிருக்கிறோம், வீட்டிலிருந்து யாராவது எழுதித் தர முடியுமா என்று கேட்டார். சிவகுருவின் மனைவி பாலாமணியம்மா போனை என்னிடம் நீட்டிவிட்டார்.

"நீ காலேசுல பாடம் எடுக்கறவன். நீயே எழுதிரு கண்ணு."

எழுதினேன். 1947இல் ஊட்டியில் பிறந்தார். அப்பா காரமடையிலிருந்து மலையேறி வந்து மார்க்கெட்டில் பூண்டு வியாபாரம் செய்தவர். இருபத்திரண்டு வயதில் விமானப்படை. இருபது வருடம் சரக்கு விமானங்கள். அதன் பிறகு ஒரு தனியார் கம்பெனியில் பயணிகள் விமானம், அறுபது வயது வரை. மொத்தம் பதினைந்தாயிரம் மணி நேரம் ஆகாயத்தில். விபத்து ஒன்றுமில்லை. பிள்ளைகள் இல்லை. 2023 பிப்ரவரியில் ஊட்டி பெர்ன்ஹில் வீட்டில் காலமானார்.

அரைப்பக்கம் சரியாக வந்தது. லியோ படித்துவிட்டு, "கரெக்டா இருக்கு தம்பி, ஒரு வரி கூட அதிகமில்ல" என்றார். அதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் அவருடைய கடைசி இரண்டு வருடத்துக்கு அதில் ஒரு வரி கூட இல்லை. அந்த இரண்டு வருடத்தை நான் பார்த்தேன். அதனால் இதை எழுதுகிறேன்.

நான் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை அறையில் வாடகைக்கு இருப்பவன். சொந்த ஊர் நெல்லியாளம் பக்கம் ஒரு எஸ்டேட். அம்மாவும் அப்பாவும் கொழுந்து பறிக்கிறார்கள். எங்கள் லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில், முதலில் டிகிரி வாங்கியவன் நான். இயற்பியலில் எம்.எஸ்சி., ஊட்டியில் கௌரவ விரிவுரையாளர். இதை நான் எங்கு போனாலும் சொல்லிவிடுவேன். சிவகுருவிடம் முதல் நாளே சொன்னேன். அவர், "அப்ப வண்டி எப்படிப் பறக்குதுன்னு உனக்குத்தான் தெரியும். எனக்கு ஓட்டத்தான் தெரியும்" என்றார்.

விமானத்தை அவர் எப்போதும் வண்டி என்றே சொல்வார்.

அறையைப் பார்க்க என் அப்பா வந்தபோது சிவகுரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அப்பா உட்காரவில்லை. துரைமார் முன்னால் உட்கார்ந்து பழக்கமில்லாதவர். சிவகுரு மறுபடி சொல்லவில்லை. அவரும் உட்காராமல் நின்றார். இரண்டு பேரும் அரைமணி நேரம் நின்றபடியே உருளைக்கிழங்கு விலையும் யானை வந்ததும் பேசினார்கள். காபி கொண்டுவந்த பாலாமணியம்மா, "ஏனுங்க, ரெண்டு பேரும் என்ன கொடிக்கம்பமா?" என்றார். அப்பா சிரித்துவிட்டுத் திண்டின் ஓரத்தில் உட்கார்ந்தார். அதற்கப்புறம்தான் சிவகுரு உட்கார்ந்தார்.

விமானப்படையில் சேர்ந்த கதையை சிவகுரு ஒரு மாதிரி சொல்வார், பாலாமணியம்மா ஒரு மாதிரி சொல்வார். கோயம்புத்தூரில் பேங்க் பரீட்சைக்கு விண்ணப்பம் வாங்கப் போனதாகவும், அந்த வரிசை நீளமாக இருந்ததால் பக்கத்து வரிசையில் நின்றதாகவும் அவர் சொல்வார். "அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு. பூண்டுக்கடைல உக்கார வெச்சிருவாங்கன்னு பயந்துக்கிட்டு ஓடுனாங்க" என்பார் பாலாமணியம்மா. நான் அவரை அம்மா என்றுதான் கூப்பிடுவேன். சிவகுருவை வைத்துக்கொண்டு சொல்ல மாட்டார். அவர் வெளியே போன பிறகுதான் சொல்வார்.

பயணிகள் விமானம் ஓட்டிய காலத்தில் ஒருதரம் கோயம்புத்தூரிலிருந்து கிளம்பும் விமானத்தில் காரமடைச் சித்தப்பா ஒருவர் ஏறியிருக்கிறார். கேப்டன் பெயரை அறிவித்ததும் பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, "நம்ம பூண்டுக்கடைப் பையனா ஓட்டறான்? கதவத் தொறங்க அம்மிணி, நான் பஸ்ஸுலயே போயிக்கறேன்" என்றாராம். இதை மட்டும் கணவனும் மனைவியும் ஒரே மாதிரி சொல்வார்கள்.

சிவகுருவிடம் ஒரு பழைய மாருதி கார் இருந்தது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இருவரும் இத்தலார் கிராமம் வரை போய், அங்கே தெரிந்த தோட்டக்காரர் ஒருவரிடம் கேரட்டும் பீன்ஸும் வாங்கி, ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வருவார்கள். கல்லூரி இல்லாத சனிக்கிழமைகளில் நானும் பின்சீட்டில் ஏறிக்கொள்வேன்.

கிளம்புவதற்கு முன்னால் ஒரு வேலை நடக்கும். காருக்குள் கண்ணாடிக்குக் கீழே, சரிபார்க்க வேண்டியதெல்லாம் எழுதி பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு அட்டை தொங்கும். அதை எடுத்து பாலாமணியம்மா ஒவ்வொன்றாக வாசிப்பார். சிவகுரு ஒவ்வொன்றையும் கையால் தொட்டுவிட்டுப் பதில் சொல்வார்.

"கதவு?"

தொடுவார். "மூடியிருக்கு."

"கண்ணாடி?"

தொடுவார். "செட்."

"பெட்ரோலு?"

முள்ளின்மேல் விரலை வைப்பார். "பாதி."

"ஹேண்ட்பிரேக்கு?"

பன்னிரண்டு கேள்விகள். விமானத்தில் அப்படித்தானாம். ஒருவர் வாசிக்க வேண்டும், ஒருவர் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். பார்க்காமல் பழக்கத்தில் வாய் சொல்லிவிடும் என்பதால் தொட்டுவிட்டுத்தான் சொல்ல வேண்டும் என்பது அவராக வைத்துக்கொண்ட சட்டம். கேப்டன் உட்காருவது இடப்பக்கம் என்றும் அவர்தான் சொன்னார். "நம்ம கார்ல இடப்பக்கம் யாரு இருக்கறா? அம்மிணிதான் கேப்டன். நான் சும்மா கோ-பைலட்டு."

"அப்ப ஸ்டீரிங்க இந்தப் பக்கம் மாத்திக் குடுங்க."

"லைசென்ஸ் எடுத்துட்டு வா, குடுக்கறேன்."

ஒரு சனிக்கிழமை இத்தலார் டீக்கடையில் அவர் என்னிடம் ஒன்று சொன்னார். 1972. வடகிழக்கில் மலைக்காவல் முகாம்களுக்கு அரிசி போடும் வேலை. இரட்டைச் சாக்கில் கட்டிய மூட்டையைப் பாராசூட் இல்லாமல் அப்படியே தள்ளுவார்கள். அன்றைக்கு அவர் கோ-பைலட். மேகம் கலைந்தபோது கேப்டன் வேறொரு பள்ளத்தாக்குக்குள் திரும்பிவிட்டார். அது முட்டுச்சந்து என்று சிவகுருவுக்குத் தெரிந்துவிட்டது.

"ஒரு நிமிசம் இருக்கும். வாயில கொழுக்கட்டைய வெச்ச மாதிரி உக்காந்திருந்தேன்."

"ஏன் சார்?"

"அவரு சீனியரு. நான் நேத்து வந்தவன். பெரியவங்க பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசாம வளந்தவங்கதான நாமெல்லாம்."

கடைசியில் கேப்டனுக்கே தெரிந்து வண்டியை மேலே இழுத்தார். இறங்கிய பிறகு வால்சக்கரத்தில் இலை மாட்டியிருந்தது. உனக்கு முன்னாடியே தெரியுமா என்று கேப்டன் கேட்டார். தெரியும் சார் என்றார் இவர். கேப்டன் திட்டவில்லை. அந்த இலையைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு முப்பத்தைந்து வருடம், தன் பக்கத்தில் உட்கார வந்த ஒவ்வொருவனிடமும் சிவகுரு முதலில் ஒன்றைத்தான் சொல்வாராம். நான் தப்புப் பண்ணினால் உடனே சொல்லு, மரியாதையைத் தரையில் விட்டுவிட்டு வா.

பாலாமணியம்மா அந்தப் பேச்சைக் கேட்டபடி, கடைக்குப் பக்கத்தில் குவித்திருந்த முட்டைக்கோஸைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

2021 மழைக்காலம் முடிந்த சமயம். ஒரு சனிக்கிழமை அம்மா "கண்ணாடி?" என்று கேட்டார். அவர் தொடாமல் "செட்" என்றார். கண்ணாடி மடங்கியிருந்தது. அம்மா ஜன்னல் வழியாகக் கையை நீட்டித் தன் பக்கத்துக் கண்ணாடியைத் தானே திருப்பினார். அடுத்த கேள்விக்குப் போனார். நான் பின்னால் இருந்து பார்த்தேன்.

அடுத்தடுத்த வாரங்களில் அது இரண்டானது, மூன்றானது. கதவு சரியாகச் சாத்தாமல் "மூடியிருக்கு" என்பார். ஹேண்ட்பிரேக் போட்டபடியே "எடுத்தாச்சு" என்பார். அம்மா சேலையைச் சரிசெய்வதுபோல் குனிந்து பிரேக்கை எடுத்துவிடுவார். ஒருநாள் இத்தலாருக்கு முன்னால் வேறு பாதையில் திரும்பி இரண்டு கிலோமீட்டர் போய்விட்டார். அம்மா, "இந்தப் பக்கமும் நல்லாத்தானுங்க இருக்குது. பாருங்க, தைல மரம் எல்லாம் வெட்டிப்போட்டாங்க" என்றார். அவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஆமா, இப்படிப் போய்ப் பாக்கலாம்னுதான் வந்தேன்" என்றார்.

அன்று காய்கறிப் பையை இறக்கும்போது அம்மாவிடம் கேட்டேன்.

"அம்மா, சார்கிட்ட சொல்லிரலாமே."

"என்னன்னு?"

"மறக்குதுன்னு."

அவர் பையை வாங்கித் தரையில் வைத்தார். "நாப்பத்தெட்டு வருசத்துல அவங்க சொன்னத நான் இல்லீன்னு சொன்னதில்ல கண்ணு. அவங்க அம்மா எனக்கு அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க. எங்கம்மாவும். வாயே வராது." பிறகு, "வண்டிய வாங்கிப்போட்டா அவங்களுக்கு வேற என்ன இருக்குது?" என்றார்.

டாக்டரிடம் போகலாமே என்றேன். போனால் ஓட்டாதீர்கள் என்பார்கள் என்றார். நானாவது சொல்லியிருக்கலாம். வகுப்பில் அறுபது பேர் முன்னால் நின்று தப்பைத் தப்பு என்று சொல்கிறவன் நான். அந்தக் காரின் பின்சீட்டில் எட்டு மாதம் வாயைத் திறக்கவில்லை. பெரியவர், வீட்டுக்காரர், என் அப்பாவோடு நின்று பேசியவர். இவருக்குப் போய் நான் எப்படிச் சொல்வது என்று இருந்துவிட்டேன். அதை மரியாதை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருடம் ஜூன் மாதம். சாரல். இத்தலாரிலிருந்து திரும்பி வரும்போது எதிரே கேரட் மூட்டை ஏற்றிய லாரி வந்தது. நாங்கள் அதன் பாதையில் போய்க்கொண்டிருந்தோம். சாலையின் வலப்பக்கத்தில் சிவகுரு நேராக, நிதானமாக ஓட்டிக்கொண்டிருந்தார். அம்மாவின் கை டேஷ்போர்டைப் பிடித்தது. அவர் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. லாரிக்காரர்தான் வண்டியைத் தேயிலைக்குள் ஒடித்து நிறுத்தினார்.

"ஏனுங்க பெருசு, ரோடு என்ன உங்க ஊட்டுதுங்களா?" என்றார் அவர் தலையை வெளியே நீட்டி. பின்னால் மூட்டைமேல் உட்கார்ந்திருந்த ஒருவர், "கண்ணு தெரியாதவங்களுக்கெல்லாம் யாரு லைசென்ஸ் குடுத்தா?" என்றார். லாரி பின்னுக்கு வந்து, சுற்றிக்கொண்டு போய்விட்டது.

சிவகுரு காரை ஓரங்கட்டினார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. வைப்பர் போய்ப்போய் வந்தது.

"அம்மிணி, நாம எங்க இருக்கறோம்?"

"ஊட்டுக்குத்தானுங்க போறோம்."

"அதக் கேக்கல. இது எந்த எடம்?"

அம்மா சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டார். சிவகுரு திரும்பி என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"எப்ப இருந்து தெரியும்?"

"என்னதுங்க?"

"எனக்கு இப்படின்னு. எப்ப இருந்து தெரியும் உனக்கு?"

அம்மா அட்டையைக் கையில் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "தீவாளிக்கு முன்னால இருந்துங்க."

"எட்டு மாசம்."

"ஆமாங்க."

"வசந்து, உனக்கு?"

"அப்பவே சார்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். இன்ஜினை நிறுத்தினார். ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, போட்டிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். சாவியை உருவி அம்மாவின் கையில் வைத்தார். "வண்டில பின்னாடி ஒரு பையன் உக்காந்திருக்கறான். அவன் அப்பன் அம்மாவுக்கு யாரு பதில் சொல்றது?" என்றார். அவ்வளவுதான்.

எங்கள் மூவரில் வேறு யாருக்கும் ஓட்டத் தெரியாது. நான் இத்தலாருக்கு நடந்துபோய்த் தோட்டக்காரரின் மகனைக் கூட்டி வந்தேன். வந்தபோது சிவகுரு பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்குத்தான் அவர் கடைசியாக ஓட்டியது. மறுவாரம் அவராகவே கோயம்புத்தூருக்கு டாக்டரிடம் போக வேண்டும் என்றார். பஸ்ஸில் போனோம். டாக்டர் மூளையின் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் காட்டி, இது ரொம்ப நாளாகவே இருக்கிறது, ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் இது தன்போக்கில் போகும் என்றார். சிவகுரு, "சரிங்க டாக்டர்" என்றார். வெளியே வந்து ஹோட்டலில் உட்கார்ந்ததும் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னார்:

"இனிமே நான் தப்பாச் சொன்னா, தப்புன்னு சொல்லோணும். ரெண்டு பேருமே. என்னைய மலைல மோத உட்ராதீங்க."

"சரிங்க" என்றார் அம்மா.

அதிலிருந்து அம்மா சொல்ல ஆரம்பித்தார். நாற்பத்தெட்டு வருடம் வராத வாய், முதலில் மெதுவாகத்தான் வந்தது.

"இன்னிக்கு செவ்வாக்கெழமதான?"

"இல்லீங்க. வியாழன்."

"ஓ. வியாழன்."

"இந்தச் சட்டை என்னுதா?"

"உங்குளுதுதாங்க. ஆனா உள்பக்கம் வெளிய இருக்குது."

அவர் கழற்றி மறுபடி போட்டுக்கொள்வார். ஒவ்வொரு தடவையும், விமானத்தில் சொல்வதுபோல், சொன்னதைத் திருப்பிச் சொல்வார். ஒருநாள் அம்மா என்னிடம், "இத்தன வருசமா இல்லீன்னு சொல்லாததெல்லாம் சேத்து இப்பச் சொல்லிக்கிட்டு இருக்கறேன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஐப்பசி வரைக்கும் அப்படிப் போனது. காரைத் தோட்டக்காரரின் மகனுக்கே கொடுத்துவிட்டார்கள். கார் எங்கே என்று அவர் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் அம்மா சொன்னார்.

நவம்பரில் ஒரு மத்தியானம். நான் சாப்பாட்டுக்கு அவர்களோடு உட்கார்ந்திருந்தேன். அவர் தட்டைத் தொடாமல் சமையலறைப் பக்கம் பார்த்தார்.

"அம்மா சாப்ட்டுச்சா?"

அவருடைய அம்மா இறந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. பாலாமணியம்மா கரண்டியை வைத்தார். பொய் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

"அத்தை தவறிட்டாங்களேங்க. தொண்ணூத்தொண்ணுல."

அவர் பாலாமணியம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தச் செய்தியை அவர் திருப்பிச் சொல்லவில்லை. "எனக்கு யாரும் சொல்லலியே" என்றார். பிறகு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. அம்மாவும் பார்த்ததில்லையாம். நான் எழுந்து கைகழுவப் போகாமல், தட்டில் கையை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். சோறு காய்ந்து விரலில் ஒட்டிக்கொண்டது.

மூன்று நாள் கழித்து மறுபடி கேட்டார். அம்மா மறுபடி உண்மையைச் சொன்னார். அதே முகம், அதே கேள்வி, அதே அழுகை. அவருக்கு அது புதுச் செய்தி. எரிச்சது யாரு, நான் வரலியா என்று கேட்டார். நீங்க வந்தீங்க, நீங்கதான் கொள்ளி வெச்சீங்க என்றார் அம்மா. அன்று அவர் சாப்பிடவில்லை.

அம்மா அன்று சாயந்திரம் என் அறைக்கு வந்தார். வாசலிலேயே நின்றார்.

"சொல்லோணும்னு அவங்கதான சொன்னாங்க கண்ணு."

"ஆமாம்மா."

"சொல்லாம இருந்து ஒருக்கா கொல்லப் பாத்தேன். இப்பச் சொல்லிச் சொல்லிக் கொல்றேன்."

அம்மா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அரிசியை ஊற வைக்க வேண்டும் என்று போய்விட்டார்.

மூன்றாவது தடவை கேட்டபோது நானும் இருந்தேன். "அம்மா சாப்ட்டுச்சா?"

பாலாமணியம்மா அவர் தட்டில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். ஊற்றுவதை நிறுத்தவில்லை.

"சாப்ட்டாங்க."

"என்ன சாப்ட்டுச்சு?"

"களியும் கீரையுங்க."

"நெறைய வெச்சயா?"

"வெச்சேனுங்க. போதும்னு சொல்லிட்டாங்க."

அவர் தலையை ஆட்டிவிட்டு, சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார். அம்மா என்னைப் பார்க்கவில்லை. கிழமையையும் சட்டையையும் அதற்குப் பிறகும் திருத்திக்கொண்டுதான் இருந்தார். இதை மட்டும் திருத்தவில்லை.

பிப்ரவரிவரை தினமும் கேட்டார். தினமும் அம்மா களி, கீரை, சில நாள் தக்காளிச்சோறு என்றார். ஜனவரி கடைசியில் ஒருநாள், அம்மா மருந்துக்கடைக்குப் போயிருந்தபோது நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, அம்மா சாப்ட்டுச்சா?"

பேனாவை மூடினேன்.

"சாப்ட்டாங்க சார்."

"நேரத்தோட சாப்ட்டுச்சா?"

"நேரத்தோடதான் சார்."

"செரி" என்று கண்ணை மூடிக்கொண்டார்.